சர்வரே நம்மைத் தாக்கினால்? கறுப்புத் திரை மென்பொருளில் வரும் ஓட்டைகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனி, ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டி, சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸ். எங்கே போனாலும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான் பெரும்பாலும் இருக்கும்: இரண்டு சின்னக் கம்ப்யூட்டர், நடுவே மஞ்சள் மின்னல். அதுதான் புட்டி. டபுள் கிளிக் செய்து, சர்வரின் முகவரியைக் கொடுத்து ஓப்பன் அழுத்தினால் கறுப்புத் திரை வரும். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் மும்பையிலோ சிங்கப்பூரிலோ ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் சர்வர் நம் கைக்குள் வந்துவிடும்.

இந்த வகை மென்பொருளுக்கு டெர்மினல் கிளையன்ட் என்று பெயர். நாம் கீபோர்டில் தட்டுவதை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்கும், அந்தப் பக்கம் சொல்வதை நம் திரையில் எழுதிக் காட்டும். புட்டி மட்டும் இல்லை. லினக்ஸிலும் மேக்கிலும் ஓபன்எஸ்எஸ்எச் கூடவே வருகிறது. 2018 முதல் விண்டோஸ் 10-இலும் அது உண்டு. மேக் வைத்திருப்பவர்களில் பலர் ஐடெர்ம்2 பயன்படுத்துகிறார்கள். ஃபைல் ஏற்றி இறக்க வின்எஸ்சிபி, ஃபைல்ஸில்லா. இவை எல்லாமே ஒரு குடும்பம்தான்.

பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே எல்லோரும் சர்வரைப் பற்றித்தான் பேசுவார்கள். பாஸ்வேர்டைக் கடினமாக வை, ஃபயர்வால் போடு, 22-ஆம் போர்ட்டை ஊருக்கே திறந்து போடாதே. எல்லாம் சரியான அறிவுரைதான். ஆனால் அத்தனையிலும் திசை ஒன்றே: கெட்டவன் வெளியிலிருந்து சர்வருக்குள் வரப் பார்க்கிறான், நாம் தடுக்கிறோம். நாம் இங்கிருந்து சர்வருக்குப் போகும்போது அந்த சர்வர் நம்மை என்ன செய்துவிட முடியும் என்று யாரும் கேட்பதில்லை. நிறையவே செய்ய முடியும். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பாதுகாப்பு அறிவிப்புகளில் ஒரு ஓட்டையைப் பற்றி எழுதும்போது அது லோக்கலா ரிமோட்டா என்று குறிப்பிடுவார்கள். லோக்கல் என்றால், தாக்குகிறவன் ஏற்கெனவே நம் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு வகையில் நுழைந்திருக்க வேண்டும். அப்புறம்தான் அந்த ஓட்டை அவனுக்கு உதவும். ரிமோட் என்றால் அந்தத் தேவையே இல்லை. நெட்வொர்க் வழியாக வரும் பைட்டுகளே போதும். அவன் எந்த நாட்டில் உட்கார்ந்திருந்தாலும் சரி. கிளையன்ட் மென்பொருளில் ரிமோட் ஓட்டை என்றால், நாம் இணைப்பைத் தொடங்குகிறோம், பதிலாக வரும் தரவிலேயே தாக்குதலும் வந்துவிடுகிறது என்று பொருள்.

வெறும் தரவு எப்படித் தாக்குதலாக மாறும்? இங்கேதான் புதியவர்கள் பலர் தடுமாறுவார்கள். படத்தையோ எழுத்தையோ படிப்பதால் ஒரு புரோகிராம் எப்படி வேறொருவன் சொன்ன வேலையைச் செய்யும் என்பது நியாயமான சந்தேகம். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நீளத்தை நம்பிக் கெட்ட கதை

நம் கம்ப்யூட்டரும் சர்வரும் மறைகுறியாக்கிப் பேசிக்கொள்ளும் முறைக்கு எஸ்எஸ்எச் என்று பெயர். அந்த இணைப்பில் தரவு பொட்டலம் பொட்டலமாக வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் தொடக்கத்திலும் நான்கு பைட்டில் அதன் நீளம் எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் அதே போலத் தனி நீளம். அனுப்புகிறவர் எழுதுவதைத்தான் வாங்குகிறவர் முதலில் படிக்கிறார்.

திருப்பூரில் கட்டிங்கிலிருந்து தையலுக்குப் போகும் பண்டலில் ஒரு சீட்டு கட்டியிருக்கும். எத்தனை பீஸ், என்ன சைஸ் என்று. லைன் சூப்பர்வைசர் சீட்டை மட்டும் பார்த்து எடுத்துக்கொள்ளலாம், பிரித்து எண்ணியும் பார்க்கலாம். சீட்டில் ஒன்று, உள்ளே ஒன்று என்றால் எண்ணாதவர் மாட்டுவார். கிளையன்ட் மென்பொருளும் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே சீட்டு எழுதுகிறவன் வேண்டுமென்றே பொய் எழுதுகிறான்.

புரோகிராம் தன் நினைவகத்தில், வரப்போகும் தரவுக்காக 256 பைட் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது என்று வையுங்கள். வந்த பொட்டலம் 5000 பைட் நீளம் என்கிறது. நல்ல புரோகிராம் "இது ஒவ்வாது" என்று இணைப்பைத் துண்டித்துவிடும். சோதிக்க மறந்த புரோகிராம் 5000 பைட்டையும் எழுதத் தொடங்கும். 256 நிரம்பியதும் நிற்காது. பக்கத்து இடத்தில் எழுதும், அதற்கும் பக்கத்தில் எழுதும். பக்கத்து இடத்தில் இருப்பது என்ன? வேறு தரவாக இருந்தால் புரோகிராம் குழம்பிப்போய் முடங்கும். ஆனால் அங்கே "இந்த வேலை முடிந்ததும் அடுத்து எந்த முகவரிக்குப் போக வேண்டும்" என்ற குறிப்பு இருந்தால் கதையே வேறு. அந்த முகவரியின் மேல் தாக்குகிறவன் தனக்கு வேண்டிய முகவரியை எழுதிவிடுவான். புரோகிராம் அதை நம்பி அங்கே தாவும். அந்த நொடியிலிருந்து நம் கம்ப்யூட்டரில், நம் பெயரில், அவன் சொன்னது நடக்கும். பஃபர் ஓவர்ஃப்ளோ என்று சொல்வது இதைத்தான்.

இன்றைய விண்டோஸும் லினக்ஸும் இதைத் தடுக்கச் சில ஏற்பாடுகள் வைத்திருக்கின்றன. நினைவக முகவரிகளை ஒவ்வொரு முறையும் மாற்றி மாற்றி அடுக்குவது ஒன்று, தரவு இருக்கும் இடத்தைக் கட்டளையாக ஓட விடாமல் பூட்டுவது இன்னொன்று. இவற்றால் தாக்குதல் கடினமாகிறது. நடக்கவே நடக்காது என்று ஆகிவிடவில்லை.

பொய் எப்போதும் பெரிய எண்ணாகத்தான் வர வேண்டும் என்றும் இல்லை. 2019 மார்ச்சில் புட்டியின் 0.71 பதிப்பு வந்தபோது அடைத்த ஓட்டை ஒன்று இதற்கு நல்ல உதாரணம். ஐரோப்பிய ஆணையம் திறமூல மென்பொருள்களில் பிழை கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு கொடுக்கும் ஒரு திட்டத்தை நடத்தியது. அதில் சிக்கிய பிழைகளில் இதுவும் ஒன்று, பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் சி.வி.இ-2019-9894 என்பது அதன் எண்.

விஷயம் இதுதான். எஸ்எஸ்எச்சில் இரு பக்கமும் ஒரு ரகசிய எண்ணை ஒப்புக்கொள்ளப் பல வழிகள் உண்டு. அதில் ஒன்று ஆர்எஸ்ஏ வழி. அந்த வழியில் சர்வர், பூட்ட மட்டும் உதவும் ஒரு தற்காலிகப் பொதுச் சாவியை அனுப்பும், கிளையன்ட் ஒரு ரகசிய எண்ணை உருவாக்கி அந்தச் சாவியால் பூட்டித் திருப்பி அனுப்பும். ரகசிய எண் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு: சாவியின் நீளத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட அளவைக் கழிக்க வேண்டும். ஷா-256 என்ற கணக்கு முறையைப் பயன்படுத்தும்போது கழிக்கும் அளவு 561 பிட். சாவி 2048 பிட்டுக்குக் குறையக்கூடாது என்று விதி இருப்பதால், சாதாரணமாக இந்தக் கழித்தலில் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் புட்டி அந்த விதியைச் சோதிக்கவில்லை. சர்வர் வேண்டுமென்றே 512 பிட் சாவி ஒன்றை அனுப்பினால்? 512-இலிருந்து 561 போனால் மைனஸ் 49.

கம்ப்யூட்டரில் நீளத்தைக் குறிக்கும் பல இடங்களில் மைனஸ் என்பதே கிடையாது. 32 பிட் கணக்கில் மைனஸ் 1 என்பது 4294967295 ஆக உருமாறிவிடும். சின்னச் சாவி அனுப்பியதன் பலன், கணக்கு தலைகீழாகி புரோகிராம் தன் நினைவகத்தையே தாறுமாறாக மிதிக்கத் தொடங்குகிறது. ஒரே ஒரு "சின்னதாக இருந்தால் மறு" என்ற வரி இல்லாததால் வந்த வினை.

"நோ" சொன்னால் தப்பிக்கலாமா?

புதிய சர்வருக்கு முதல் முறை போகும்போது புட்டி ஒரு பெட்டியைக் காட்டும். "இந்த சர்வரின் சாவியை நான் இதற்குமுன் பார்த்ததில்லை, நம்பலாமா?" என்ற கேள்வியும், கூடவே அந்தச் சாவியை அடையாளம் காட்டும் நீளமான ஃபிங்கர்பிரிண்ட்டும் இருக்கும். இதுதான் ஹோஸ்ட் கீ சோதனை. நடுவில் வேறொருவன் புகுந்து நம் சர்வர் போல நடித்தால் இங்கே மாட்டிக்கொள்வான். சரியாகப் பயன்படுத்தினால் அருமையான காவல். பெரும்பாலான ஆபீஸ்களில் அந்தப் பெட்டியைப் படிக்காமலே யெஸ் அழுத்துகிறார்கள் என்பது வேறு கதை.

கோயமுத்தூரில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்:

"ஏனுங்ண்ணா, அந்தப் பொட்டி வந்தவுடனே சந்தேகமா இருந்தா 'நோ' குடுத்துட்டா தப்பிச்சுக்கலாமுங்களா?"

"ஆள் மாறாட்டத்துல இருந்து தப்பிக்கலாம் கண்ணு. ஆனா இந்த மாதிரி ஓட்டைல இருந்து தப்பிக்க முடியாது. நீ பொட்டியப் பாக்கறதுக்குள்ள சோலி முடிஞ்சிருக்கும்."

ஏன் என்று புரிய, இணைப்பின் முதல் ஒரு நொடியை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். நாம் ஓப்பன் அழுத்தியதும் இரு பக்கமும் முதலில் ஒரு வரி அனுப்பிக்கொள்ளும்: என் பெயர் இது, என் பதிப்பு இது. இந்த வரிக்கு எந்த மறைகுறியாக்கமும் கிடையாது. புட்டி 0.60 என்றால் "புட்டி ரிலீஸ் 0.60" என்றே போகும். அதாவது எதிர்ப்பக்கம் இருப்பவனுக்கு நாம் எவ்வளவு பழைய மென்பொருள் வைத்திருக்கிறோம் என்பது எடுத்த எடுப்பிலேயே தெரிந்துவிடும். எந்த ஓட்டைக்கு எந்தப் பொட்டலம் அனுப்பலாம் என்று அவன் தேர்வு செய்துகொள்ளலாம்.

அப்புறம் இரண்டு பக்கமும் தங்களுக்குத் தெரிந்த முறைகளைப் பட்டியலாக அனுப்பும். பொதுவாக இருக்கும் முறைகளில் கிளையன்ட் விரும்பும் முதலாவது முறை தேர்வாகும். சர்வர் "எனக்கு ஆர்எஸ்ஏ வழி ஒன்றுதான் தெரியும்" என்று பொய் சொன்னால் பேச்சு அந்த வழியில்தான் போகும். சர்வர் தன் ஹோஸ்ட் கீயையும் அந்தத் தற்காலிகச் சாவியையும் ஒரே பொட்டலத்தில் அனுப்பும். கிளையன்ட் கணக்குப் போடும். நாம் மேலே பார்த்த கழித்தல் நடப்பது இங்கே. ஹோஸ்ட் கீ உண்மையா என்று சரிபார்ப்பது இதற்கும் பிறகு. நம்மிடம் கேள்வி கேட்பது அதற்கும் பிறகு. பெயரும் பாஸ்வேர்டும் கேட்பது கடைசியில்.

ஆகவே பாதுகாப்பு அறிவிப்பு ஒன்றில் "ஹோஸ்ட் கீ சரிபார்ப்புக்கு முன்பே" என்ற சொற்கள் இருந்தால் அதைத்தான் நான் முதலில் தேடிப் படிப்பேன். சர்வரை நம்புகிறோமா இல்லையா என்ற கேள்வியே அங்கே பொருளற்றுப் போகிறது. இது புட்டிக்குப் புதிதும் இல்லை. 2004 ஆகஸ்டில் வந்த 0.55 பதிப்பு கோர் செக்யூரிட்டி நிறுவனம் கண்டுபிடித்த இதே வகை ஓட்டையை அடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த 0.56, ஐடிஃபென்ஸ் கண்டுபிடித்த இன்னொன்றை அடைத்தது. இரண்டுமே ஹோஸ்ட் கீ சரிபார்ப்புக்கு முன்பே, கெட்ட சர்வர் நம் கம்ப்யூட்டரில் தனக்கு வேண்டியதை ஓட்ட வழிவிடக்கூடியவை.

இதைச் சொல்வதால் புட்டி மட்டமான மென்பொருள் என்று யாரும் நினைக்க வேண்டாம். சைமன் டாதம் என்பவர் தொடங்கி, சில தன்னார்வலர்களோடு இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காசு வாங்காமல் கொடுத்துவரும் மென்பொருள் அது. ஓட்டைகளை ஒளிக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் போட்டு எந்தப் பதிப்பில் வந்தது, எதில் போனது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். விலை உயர்ந்த பல மென்பொருள்களில் இந்த நேர்மையைப் பார்க்க முடியாது.

சரி, கெட்ட சர்வருக்கு நாம் ஏன் போகப்போகிறோம்? நம் சர்வர், நம் முகவரி. ஆனாலும் வழி இருக்கிறது. லாட்ஜ் வைஃபையிலோ பஸ் ஸ்டாண்டு வைஃபையிலோ உட்கார்ந்து இணைக்கும்போது நடுவில் இருப்பவன் நம் பொட்டலங்களைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். ஆபீஸ் ரௌட்டரையே யாராவது கைப்பற்றியிருக்கலாம். வாடிக்கையாளரின் சர்வரைச் சரிசெய்யப் போகிறோம், அது ஏற்கெனவே வேறொருவன் கையில் இருக்கிறது. சொல்லப்போனால் அப்படிப்பட்ட நேரத்தில்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள். பலரும் யோசிக்காத இன்னொன்று: கிளவுடில் வாடகைக்கு எடுத்த சர்வரை விட்டுவிட்டால் அந்த ஐபி முகவரி வேறொரு வாடிக்கையாளருக்குப் போய்விடும். நம் புட்டியில் சேமித்த பழைய பெயர் அப்படியே இருக்கும். ஒரு நாள் அவசரத்தில் அதை அழுத்தினால் முன்பின் தெரியாதவன் வீட்டுக் கதவில் நிற்போம்.

திரையில் எழுதுவதும் ஆபத்துதான்

இணைப்பு நல்லபடியாக நடந்து, நம் சொந்த சர்வருக்குள்ளேயே போய்விட்டோம். இனிமேலாவது நிம்மதியா? இல்லை.

டெர்மினல் வெறும் எழுத்தை மட்டும் காட்டுவதில்லை. வண்ணம் மாற்றுவது, திரையைத் துடைப்பது, கர்சரை நகர்த்துவது, ஜன்னலின் தலைப்பை மாற்றுவது எல்லாவற்றுக்கும் கட்டளைகள் உண்டு. எஸ்கேப் என்ற 27-ஆம் எண் பைட்டில் தொடங்கும் எழுத்துக் கோவைகள் அவை. எஸ்கேப், சதுர அடைப்பு, 31, எம் என்று வந்தால் அடுத்து வரும் எழுத்து சிவப்பாகும். கண்ணுக்குக் கோவை தெரியாது. விளைவு மட்டும் தெரியும். 1970-களின் கண்ணாடித் திரை டெர்மினல்கள் காலத்திலிருந்து தொடரும் ஏற்பாடு இது.

சில கோவைகள் டெர்மினலிடம் கேள்வி கேட்கும். "உன் ஜன்னலின் தலைப்பு என்ன?" என்பது ஒன்று. டெர்மினல் பதில் சொல்ல வேண்டுமே, அந்தப் பதிலை எங்கே சொல்லும்? கீபோர்டில் நாம் தட்டியது போலவே அனுப்பிவிடும். இதில் இருக்கும் விபரீதம் உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். முதல் கோவையால் ஜன்னலின் தலைப்பை ஒரு கட்டளையாக மாற்றி வைக்கிறான். இரண்டாவது கோவையால் தலைப்பைக் கேட்கிறான். டெர்மினல் அந்தக் கட்டளையை நாமே தட்டியது போல ஷெல்லுக்கு, அதாவது சர்வரில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராமுக்கு, அனுப்புகிறது. மிச்சம் இருப்பது என்டர் விழ வேண்டியது மட்டும். அதற்கும் நம்மையே ஏதாவது சாக்குச் சொல்லி அழுத்த வைக்கலாம்.

எச்.டி. மூர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2003-இல் பல டெர்மினல்களை எடுத்து இதையெல்லாம் சோதித்து எழுதினார். அதற்குப் பிறகு பல டெர்மினல்கள் தலைப்பைத் திருப்பிச் சொல்வதை நிறுத்திக்கொண்டன. புட்டியும், யாராவது தலைப்பைக் கேட்டால் வெறுமையான பதிலைத்தான் இயல்பாகத் தருகிறது.

இதில் சர்வர் முழுக்க கெட்டவன் கையில் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. நம் வலைத்தளத்துக்கு வருகிறவர்களின் பிரவுசர் பெயர் சர்வரின் லாகில், அதாவது பதிவேட்டுக் கோப்பில், பதிவாகும். ஒருவன் பிரவுசர் பெயர் என்று சொல்லி எஸ்கேப் கோவையை அனுப்பி வைத்தால், அதை அப்படியே எழுதி வைக்கும் மென்பொருளின் லாகில் அது போய் உட்கார்ந்திருக்கும். மறுநாள் நாம் டெய்ல் கட்டளையால் லாகைத் திறந்து பார்க்கும்போது நம் டெர்மினல் அதை நிறைவேற்றும். 2019 அக்டோபரில் ஐடெர்ம்2-இல் வெளியான ஓட்டை இப்படிப்பட்டதுதான். மொசில்லாவின் நிதியுதவியில் ராடிக்கலி ஓபன் செக்யூரிட்டி என்ற அமைப்பு தணிக்கை செய்தபோது சிக்கியது. டீமக்ஸ் என்ற கருவியோடு இணைந்து வேலை செய்யும் பகுதியில் குறைந்தது ஏழு ஆண்டுகளாக இருந்திருக்கிறது. திரையில் தாக்குகிறவன் அனுப்பியது தெரிந்தாலே போதும், மேக்கில் கட்டளை ஓடிவிடும். 3.3.6 பதிப்பில் சரிசெய்தார்கள். லாகைப் பார்க்க லெஸ் பயன்படுத்துவது எனக்குப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். இயல்பான அமைப்பில் அது எஸ்கேப் பைட்டை நிறைவேற்றாமல் எழுத்தாகவே காட்டிவிடும்.

நினைவகம், கோவை எதுவும் இல்லாத வெறும் ஏமாற்று ஒன்றும் உண்டு. பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக் கோப்பைப் பயன்படுத்தி உள்ளே போகும்போது, அந்தச் சாவியைத் திறக்கும் பாஸ்ஃப்ரேஸை புட்டி நம்மிடம் கேட்கும். அது நம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது. இப்போது ஒரு கெட்ட சர்வர் எந்தப் பாஸ்வேர்டும் கேட்காமல் நம்மை உள்ளே விட்டுவிட்டு, புட்டி எழுதுவது போலவே அச்சு அசலாக "சாவியின் பாஸ்ஃப்ரேஸ்" என்று திரையில் எழுதினால்? நாம் தட்டுவது நேரே அவனுக்குப் போகும். இரண்டும் ஒரே கறுப்புத் திரையில், ஒரே எழுத்தில் இருக்கும்போது யார் கேட்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் 0.71 முதல், புட்டி தானே எழுதும் வரிகளின் முன்னால் தன் ஐகானைச் சின்னதாகப் போட்டுக் காட்டுகிறது. சர்வரால் அந்தப் படத்தை வரைய முடியாது. அடுத்த முறை உள்ளே போகும்போது கவனித்துப் பாருங்கள், "லாகின் ஆஸ்" என்ற வரிக்கு இடப்பக்கம் அந்த மின்னல் இருக்கும்.

ஓபன்எஸ்எஸ்எச் மட்டும் என்ன விதிவிலக்கா? 2016 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னது. ரோமிங் என்று ஒரு வசதி. அறுந்த இணைப்பை விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காக எழுதியது. சர்வர் பக்கத்துக்கான நிரல் வெளியிடப்படவே இல்லை. கிளையன்ட் பக்கத்து நிரல் மட்டும் 5.4 முதல் 7.1 வரையான பதிப்புகளில் யாருக்கும் பயனில்லாமல், ஆனால் இயங்கும் நிலையில் கிடந்தது. கெட்ட சர்வர் அதைப் பயன்படுத்தி நம் நினைவகத்தின் துண்டுகளைக் கேட்டு வாங்க முடிந்தது. அதில் நாம் மட்டுமே வைத்திருக்க வேண்டிய தனிச் சாவியும் இருக்கலாம். நல்ல வேளையாக இது ஹோஸ்ட் கீ சரிபார்த்து, உள்ளே நுழைந்த பிறகுதான் நடக்கும். ஆகவே நாம் நம்பும் சர்வரே கெட்டுப்போயிருந்தால்தான் ஆபத்து. 7.1பி2-வில் அந்த வசதியையே அணைத்துவிட்டார்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது எது?

கொங்குப் பக்கத்துச் சிறு கம்பெனிகளில் நான் பார்க்கும் உண்மையான சிக்கல் புத்தம்புதிய ஓட்டை இல்லை. பழைய எக்ஸ்இ கோப்பு. புட்டி தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளாது. இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு என்பதால் பென்டிரைவில் போட்டுக் கைமாற்றிக்கொண்டே போகிறார்கள். வேலையை விட்டுப் போனவர் விட்டுச் சென்ற ஃபோல்டரில், 2007-இல் வந்த 0.60 இன்றைக்கும் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் அப்டேட் அதைத் தொடாது. ஆன்ட்டி வைரஸும் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் அது வைரஸ் இல்லையே.

புட்டியைத் திறந்தால் கீழே இடது மூலையில் அபௌட் என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் பதிப்பு எண் வரும். இத்தோடு நிறுத்தக்கூடாது. புட்டிக்குக் கூடப் பிறந்தவை சில உண்டு: பிளிங்க், பிஎஸ்சிபி, பேஜென்ட். ராத்திரி பேக்கப் எடுக்க யாரோ ஒரு பேட்ச் ஃபைல் எழுதி வைத்திருப்பார்கள், அதற்குள்ளிருந்து பிளிங்க் ஓடும். ஈஆர்பி செய்து கொடுத்தவர் தன் ஃபோல்டருக்குள் ஒரு பிரதியை வைத்துவிட்டுப் போயிருப்பார். எல்லா டிரைவிலும் அந்தப் பெயர்களைத் தேடி, வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் பதிப்பைப் பாருங்கள். ஒரு கம்ப்யூட்டரிலேயே வெவ்வேறு வயதில் பல பிரதிகள் கிடைப்பது சர்வ சாதாரணம். லினக்ஸ், மேக், விண்டோஸ் கட்டளைத் திரையில் ஓபன்எஸ்எஸ்எச் இருந்தால், எஸ்எஸ்எச் என்று தட்டி இடைவெளி விட்டு ஒரு கோடும் பெரிய வியும் சேர்த்தால் (ssh -V) அது தன் பதிப்பைச் சொல்லிவிடும்.

புதியதை எடுக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். தேடுபொறியில் வந்த ஏதோ ஒரு தளத்தை அழுத்தி இறக்கியவர்களுக்கு, பாஸ்வேர்டைத் திருடும் போலிப் புட்டி கிடைத்த சம்பவங்கள் 2015-இலேயே வெளியாகியிருக்கின்றன. சைமன் டாதமின் சொந்தப் பக்கம் கிரீன்எண்ட் என்ற தளத்தில் இருக்கிறது. அங்கே போய் இறக்குவதே நல்லது. அப்புறம், அட்மின் அக்கவுண்ட்டில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க வேலை செய்யாதீர்கள். ஓட்டை வழியாக ஒருவன் உள்ளே வந்தாலும் நமக்கு இருக்கும் உரிமைதான் அவனுக்கும் கிடைக்கும். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் கம்ப்யூட்டரைப் பிடித்தால் பத்து சர்வரையும் தனித்தனியாக உடைக்கத் தேவையில்லை என்பது தாக்குகிறவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அப்டேட் செய்தால் பெரும்பாலான ஓட்டைகளின் கதை முடிந்தது. முடியாத ஒன்றும் இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. 2024 ஏப்ரலில் ஜெர்மனியின் போஹும் நகரத்திலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புட்டி 0.68 முதல் 0.80 வரை ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்கள். இசிடிஎஸ்ஏ வகையில் பி-521 என்ற சாவியை வைத்து உள்ளே போகும்போது, ஒவ்வொரு கையெழுத்துக்கும் (சாவி நம்முடையது என்று நிரூபிக்க அனுப்புவது) 521 பிட்டில் ஒரு ரகசிய எண் வேண்டும். புட்டி அதை 512 பிட் தரும் ஷா-512 மூலம் உருவாக்கியது. விளைவாக முதல் 9 பிட் எப்போதும் பூஜ்யம். கேட்பதற்கு அற்பமாகத் தெரிகிறது. ஆனால் சுமார் 60 கையெழுத்து கிடைத்தால் தனிச் சாவியையே கணக்கிட்டு எடுத்துவிடலாம். நாம் சாவியால் உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் சர்வருக்கு ஒரு கையெழுத்துப் போகிறது. கெட்ட சர்வர் பொறுமையாகச் சேர்த்து வைத்தால் போதும். புட்டி 0.81-இல் சரியானது, அதே நிரலைப் பயன்படுத்திய வின்எஸ்சிபி 6.3.3-இலும் ஃபைல்ஸில்லா 3.67.0-இலும் சரிசெய்தார்கள்.

புதிய பதிப்பைப் போட்டாலும் பழைய கையெழுத்துகள் போனது போனதுதான். ஆகவே அந்த வகைச் சாவியை அந்தப் பதிப்புகளில் பயன்படுத்தியிருந்தால் சாவியையே தூக்கிப் போட வேண்டும். புட்டியோடு வரும் புட்டிஜென் என்ற சாவி உருவாக்கும் கருவியில் எட்25519 வகையில் புதிதாக ஒன்று உருவாக்கி, அதன் பொதுச் சாவியை சர்வரின் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் சேருங்கள். திறந்திருக்கும் ஜன்னலை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புதிய சாவியால் உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், நிஸ்ட்பி521 என்று தொடக்கத்தில் இருக்கும் பழைய வரியை அழியுங்கள். அந்தச் சாவியை ஏற்றி வைத்த எல்லா சர்வரிலும், கிட்ஹப் போன்ற தளங்களிலும் இதையே செய்ய வேண்டும். முதல் ஜன்னலை அதற்குப் பிறகு மூடினால் போதும்.